டூப்ளிகேட் என்று சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து பெசன்ட் நகர் இட்லிக் கடையில் எடுத்த அந்தப் படத்தை நம் குழுவில் நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அதில் என் முகம் இல்லை, கால்கள் மட்டும்தான். "அங்கிளின் டூப்ளிகேட் கார்ட்டெஸ்" என்று தலைப்பு. கார்ட்டெஸ் என்பது நைக்கியின் பழைய ஓட்ட ஷூ; என் காலில் இருப்பது அதன் காப்பியாம். 47 பேர் சிரித்திருக்கிறார்கள். நான்கு பேர் என் ஊர்க்காரர்கள். ஆமாம், எண்ணிப் பார்த்தேன்.

மூன்று நாள் பொறுத்துவிட்டுச் சொல்கிறேன். அது கார்ட்டெஸ் இல்லை. டூப்ளிகேட்டும் இல்லை. ஒனிட்சுகா டைகர் என்ற ஜப்பான் கம்பெனியின் கார்சேர். நைக்கியைப் பார்த்து டைகர் செய்ததல்ல. டைகரை விற்றுப் பிழைத்த கடைதான் பிறகு நைக்கி ஆனது.

1949-இல் ஜப்பானின் கோபே நகரில் கிஹாச்சிரோ ஒனிட்சுகா ஷூ செய்யத் தொடங்கியபோது நைக்கி என்ற பெயர் கிரேக்கப் புராணத்தில்தான் இருந்தது. போரில் நொறுங்கிய ஊர். தெருவில் கெட்டுப்போகும் பிள்ளைகளை விளையாட்டுப் பக்கம் இழுக்கலாம் என்பது அவர் கணக்கு. கூடைப்பந்து ஷூ செய்தார், வழுக்கியது. ஒரு நாள் வீட்டில் வெள்ளரிக்காயோடு கலந்து வைத்திருந்த ஆக்டோபஸ் துண்டு கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். அந்த உறிஞ்சு குழிகளை அப்படியே சோலுக்குக் கொண்டுபோனார். முதலில் செய்தது தரையை அளவுக்கு மீறிப் பற்றி, ஆட்டக்காரர்களைக் குப்புறத் தள்ளியதாம். பிறகு குழிகளின் ஆழத்தைக் குறைத்தார். சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பார்த்து சோல் செய்த மனிதரின் ஷூவைத்தான் காப்பி என்கிறீர்கள்.

1962-இல் பில் நைட் என்ற அமெரிக்க இளைஞர் அந்தக் கோபேவுக்குப் போனார். எந்த நிறுவனத்திலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். உட்கார்ந்த இடத்திலேயே 'ப்ளூ ரிப்பன்' என்று ஒரு பெயரைச் சொன்னார். அப்படி ஒரு நிறுவனமே அப்போது கிடையாது! 1964-இல் அவரும் அவருடைய பயிற்சியாளர் பில் போவர்மனும் ஆளுக்கு 500 டாலர் போட்டு டைகர் ஷூக்களை வரவழைத்தார்கள். தடகளப் போட்டி நடக்கும் மைதானங்களில் கார் டிக்கியைத் திறந்து வைத்து நைட் விற்றது டைகரைத்தான். நைக்கி என்ற பெயரும், ஒரு மாணவியிடம் 35 டாலருக்கு வரைந்து வாங்கிய அந்த வளைந்த கோடும் 1971-இல்தான் வந்தன.

"கார்ட்டெஸை வடிவமைத்தது போவர்மன்தானே?" என்று யாராவது கிளம்புவீர்கள். ஆமாம், அவர்தான். டைகரின் மாடல்களை அறுத்துப் பிரித்து, பாதம் முழுக்க மெத்தை வைக்கச் சொன்ன கெட்டிக்காரர். சரி, செய்தது யார்? கோபேக்காரர்கள். முதலில் எந்தப் பெயரில் விற்றது? டைகர். கூட்டு முறிந்து நீதிமன்றம் போனார்கள். 1974 தீர்ப்பில் கார்ட்டெஸ் என்ற பெயர் நைக்கிக்குப் போனது. டைகர் அதே ஷூவை கார்சேர் என்று விற்றது. ஒப்பந்தம் இருக்கும்போதே ஒனிட்சுகா வேறு விநியோகஸ்தர்களைத் தேடவில்லையா என்றால், தேடினார்கள்தான். நைட்டும்தான் சத்தமில்லாமல் வேறு இடத்தில் ஷூ செய்யக் கொடுத்திருந்தார். அந்தப் பஞ்சாயத்து இப்போது எதற்கு?

"எல்லாம் பழங்கதை அங்கிள், இன்று யார் முன்னால்?" இதுவும் வரும். 2017-இல் கார்பன் தகடு வைத்த ஷூவைக் கடைக்குக் கொண்டுவந்து நைக்கி எல்லோரையும் திணறடித்தது உண்மை. 2019-இல் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தைக் கடந்ததும் நைக்கி அணிந்துதான். டைகர் 1977-இல் வேறு இரண்டு நிறுவனங்களோடு இணைந்து ஆசிக்ஸ் ஆனதே, அந்த ஆசிக்ஸை 2021-இல் ஜப்பானியப் பல்கலைக்கழக மாணவர்களின் ஹகோனே தொடர் ஓட்டத்தில் ஒருவர்கூட அணியவில்லை. சொந்த நாட்டில், 200-க்கும் மேற்பட்ட மாணவர்களில் ஒருவர்கூட! படித்தபோது எனக்கே வயிற்றைப் பிசைந்தது. அதே ஆண்டு அவர்களும் கார்பன் ஷூவோடு திரும்பி வந்தார்கள் என்பதைச் சொல்ல உங்களுக்கு நேரம் இருக்காது. நம் கேள்வி யார் வேகம் என்பதே இல்லை, யாரைப் பார்த்து யார் செய்தார் என்பதுதான். பையன் ஐஐடிக்குப் போய்விட்டான் என்பதற்காக, அவனுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த டீச்சரை அவனுடைய டூப்ளிகேட் என்பீர்களா?

ஒரு ஷூவுக்கா இத்தனை கோபம் என்று என் மனைவியே கேட்டுவிட்டாள்.

1988, தூத்துக்குடி, மாவட்டப் போட்டி, 1500 மீட்டர். அப்பா பஜாரில் வாங்கிக் கொடுத்த ஷூ. பெயர்பெற்ற கம்பெனியின் பெயர்தான், ஓர் எழுத்து மட்டும் கூடுதல். மூன்றாவது சுற்றில் வலது கால் சோல் முன்பக்கம் பிய்ந்து, ஒவ்வோர் அடிக்கும் நாய் நாக்குப் போலத் தொங்கித் தரையில் அடித்தது. பட், பட் என்று சத்தம். நிற்கவில்லை, ஓடி முடித்தேன், கடைசியாக. பந்தலுக்குள்ளிருந்து யாரோ "டூப்ளிகேட்" என்று கத்தினார்கள். பத்தாம் வகுப்பு முடியும்வரை பள்ளியில் என் பெயர் அதுதான். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. சோலை நானே நூல் போட்டுத் தைத்து வைத்தேன்.

கப்பலில் வேலை பார்த்த அண்ணனுக்கு இது தெரியும். 2011-இல் கோபேயில் இறங்கியபோது கடை தேடிப் போய் இந்தக் கார்சேரை வாங்கி வந்தார். "பிறந்த ஊரிலேயே வாங்கியிருக்கிறேன், இனி எவனும் பேச முடியாது" என்று சொல்லித்தான் பெட்டியை நீட்டினார். நான் இதில் ஓடுவதே இல்லை. ஓடி முடித்து, கால் கழுவி, துடைத்து, அதன் பிறகே மாட்டிக்கொள்கிறேன். பதினைந்து வயது ஷூவின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் படம் எடுக்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தார்கள், தம்பி? கேட்டிருந்தால் அந்த இட்லி ஆறுவதற்குள் சொல்லி முடித்திருப்பேன்.

'விளையாட்டுக்குத்தானே போட்டேன்' என்று தனிச்செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு அது போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் படத்தை அண்ணனும் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை இரவு பத்து மணிக்கு அழைத்தார். "தம்பி, அந்தக் கடைக்காரன் என்னை ஏமாற்றிவிட்டானா? பில் எங்கேயோ டிரங்குப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். பொறு, தேடி எடுத்து அனுப்புகிறேன்."

நேற்றும் தேடியிருக்கிறார். இன்னும் கிடைக்கவில்லையாம்.