மே மாதத்தில் வரும் வழிகாட்டிகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஊரில் உள்ள கல்யாண மண்டபங்களில் பாதி, உயர்கல்வி வழிகாட்டி முகாம்களுக்கு புக் ஆகிவிடும். பத்திரிகைகள் நடத்தும், சங்கங்கள் நடத்தும், கட்சிக்காரர்கள் நடத்துவார்கள், தனியார் கல்லூரிகள் ஏதோ ஒரு அறக்கட்டளை பெயரில் நடத்தும். வாசலில் ரோஸ் மில்க், உள்ளே புரொஜெக்டர். 'பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் 200 படிப்புகள்' என்று ஒரு கையேடு. பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள், பெற்றோர் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

என்னைக் கேட்டால் இது தாலி கட்டிய பிறகு ஜாதகப் பொருத்தம் பார்க்கிற வேலை. அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எங்கே போகலாம், எங்கே போகவே முடியாது என்பதில் பெரும்பகுதி ரெண்டு வருஷத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. பதினோராம் வகுப்பு சேர்க்கையின்போது, பள்ளிக்கூட வராந்தாவில் போட்டிருக்கும் ஒரு மேஜையில்.

நான் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்கிற ஆள். ஒரு பிள்ளைக்கு அங்கே கிடைப்பது ஐந்து நிமிஷம், கூட்டம் இருந்தால் அதுவும் இல்லை. மார்க் ஷீட்டைப் பார்ப்போம். 400க்கு மேலா, முதல் குரூப். கொஞ்சம் குறைவா, ப்யூர் சயின்ஸ். அதற்கும் கீழே காமர்ஸ். இன்னும் கீழே என்றால் தொழிற்கல்விப் பிரிவு. பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்கிற கட்டம் விண்ணப்பத்திலேயே கிடையாது. கேட்டாலும் "ஃபிரெண்டு எடுத்த குரூப் சார்" என்றுதான் பதில் வரும். பதினைந்து வயசுக்கு அது நியாயமான பதில்தான், வேறு எதுவும் யாரும் அதற்குச் சொல்லிக்கொடுத்ததில்லையே.

இன்னொரு விஷயம். எல்லாப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருக்காது. கிராமத்துப் பள்ளிகளில் பெரும்பாலும் ரெண்டோ மூணோதான். கணினி ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அந்த வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் தள்ளாடும். பத்து கிலோமீட்டர் தாண்டி இன்னொரு பள்ளியில் வேண்டிய குரூப் இருக்கும், ஆனால் பஸ் வசதி இருக்காது. பெண் பிள்ளை என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆக, நம் பிள்ளைகளில் ஒரு பங்குப் பேருக்குத் தொழில் வழிகாட்டி யார் என்றால், டவுன் பஸ்ஸின் டைம் டேபிள்.

சரி, குரூப் எடுத்தால் என்ன ஆகிறது? பிளஸ் டூவில் கணிதம் இல்லாமல் ப்யூர் சயின்ஸ் எடுத்த பிள்ளை நீட்டில் தேறவில்லை என்று வையுங்கள். இன்ஜினியரிங் கட் ஆஃப் என்பதே கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200. கணிதம் இல்லாதவருக்கு அந்தக் கணக்கே போட முடியாது. தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு, அதாவது என்டிஏவுக்கு, 2021இல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பெண்களும் எழுதுகிறார்கள். அதில் தரைப்படைக்கு எந்த குரூப்பும் சரி, கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். மறுபக்கம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படித்துவிட்டு பி.எஸ்சி. நர்சிங் கேட்டு வருகிற பெண்கள் உண்டு. உயிரியல் எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். கால்நடை மருத்துவத்துக்கும் அதே கதை. அதற்குத் தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். ஆனால் உயிரியல் வேண்டும்.

மூடாத கதவுகளும் இருக்கின்றன, அதையும் சொல்வார் இல்லை. காமர்ஸ் எடுத்த பிள்ளை தன்னைத் தோற்ற பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறது. எந்த குரூப் படித்தாலும் ஐந்து வருஷச் சட்டப் படிப்பு படிக்கலாம், தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத்தேர்வுகூட இல்லை, மார்க்தான். சி.ஏ.வும் அப்படியே, குரூப் தடையில்லை. சென்னை ஐஐடி நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்குப் பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், பிளஸ் டூவில் எந்த குரூப் என்று கேட்பதில்லை. அப்புறம், பத்தாவதோடு ஐடிஐ போனால் படிப்பு முடிந்தது என்று ஒரு நினைப்பு நம் ஊரில். ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக ரெண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் நேரடியாக ரெண்டாம் வருஷம். கையில் தொழிலோடு போகிற இந்தச் சுற்றுவழி, நேர்வழியைவிட மோசம் என்று நான் நினைக்கவில்லை. சில பிள்ளைகளுக்கு இதுதான் நல்ல வழி. ஆனால் எதையும் ஒன்பதாம் வகுப்பில் சொன்னால்தானே யோசிக்க நேரம் இருக்கும்?

ஒன்பதாம் வகுப்புகூடத் தாமதம் என்று சொல்ல வைக்கிற ஒரு விஷயமும் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கு வந்தது. அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. அதில் சேருகிறவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிபந்தனை என்ன? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆர்டிஇ என்கிற கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைக் கடன் வாங்கி நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் பதினொன்று சேர்க்கும் அப்பாவுக்கு, அந்த ஒரு டி.சி.யோடு எதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார் என்று தெரிவதில்லை. அவர் தெரிந்தே போனால் அது அவர் முடிவு, எனக்கு அதில் சண்டை இல்லை. தெரியாமல் போவதுதான் வயிறு எரிகிறது.

இப்போது மே மாத மேடைக்குத் திரும்புவோம். அதில் பேசுகிறவர்களில் ஒரு வகை தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள். "உன்னால் முடியும்" என்று ஒரு மணி நேரம் முழங்குவார்கள். பிள்ளைக்குத் தன்னால் முடியுமா என்பதில் சந்தேகமே இல்லை ஐயா, எந்த இணையதளத்தில் எந்தத் தேதிக்குள் எந்தச் சான்றிதழை ஏற்றவேண்டும் என்பதில்தான் சந்தேகம். தொழில் வழிகாட்டல் என்பது முக்கால்வாசி குமாஸ்தா வேலை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, ஆனால் நான் பார்த்தவரை அதுதான் உண்மை.

உதாரணத்துக்கு, ஜேஇஇ எழுதி மத்திய அரசு நிறுவனத்துக்குப் போகிற பிசி, எம்பிசி பிள்ளைக்கு நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டுக்கு உரியதாக. ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் இனிஷியல் மாறி இன்னொரு பெயர் என்றால் இ-சேவை மையத்துக்கு நாலு நடை. முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே பல வீடுகளில் கவுன்சலிங் சமயத்தில்தான் தெரியவரும். ஜேஇஇ மெயின் முதல் அமர்வுக்கான விண்ணப்பம் அதற்கு முந்தைய வருஷக் கடைசியிலேயே முடிந்துவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வு விண்ணப்பமும் ரிசல்ட் வருவதற்குள் மூடிவிடும். மே மாதம் புரொஜெக்டரில் இந்தப் பெயர்களைப் பார்த்து எழுதிக்கொள்கிற பிள்ளை, போன பஸ்ஸின் நம்பரைத்தான் குறித்துக்கொள்கிறது.

பள்ளி இந்த வேலையைச் செய்யாவிட்டால் செய்வதற்கு ஆள் தயாராக இருக்கிறது. புரோக்கர். பிள்ளைகளின் போன் நம்பர் பட்டியல் அவர்களுக்கு எப்படிப் போகிறது என்பதை விசாரித்தால் பல பேருக்குச் சங்கடம், விட்டுவிடுவோம். ரிசல்ட் அன்று காலையிலேயே வீட்டுக்கு வந்து, கவுன்சலிங்கில் உனக்கு ஒன்றும் கிடைக்காது, இப்போதே அட்வான்ஸ் கட்டினால் சீட் உறுதி என்பார். வெளிமாநிலத்தில் ஏதோ ஒரு பாராமெடிக்கல் கல்லூரி, படம் மட்டும் பளபளப்பாக. இன்ஜினியரிங்கிலும் இதே கதைதான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையும் இல்லை, 7.5 சதவீதமும் இல்லை என்பதை அவர் சொல்லமாட்டார். அவர் பேச்சில் ஒரு நல்ல குணம் மட்டும் உண்டு, எனக்குப் பொறாமையாகவே இருக்கும். வீட்டுக்கு வருகிறார், அம்மாவோடு உட்கார்ந்து பேசுகிறார், படிவத்தை அவரே நிரப்புகிறார். நாம் செய்யவேண்டியதை அவர் கமிஷனுக்காகச் செய்கிறார்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். மாணவர்களுக்குத் திறன் பயிற்சியும் வழிகாட்டலும் தர 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பெரிய விஷயம். கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும், பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேராத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிற உயர்வுக்குப் படி முகாம்களும் நிஜமாகவே சில பேரைக் காப்பாற்றியிருக்கின்றன. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், ஐடிஐ, டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கும் உண்டு. அது எத்தனை வீடுகளில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டிருக்கிறது என்பதை எங்களைப் போன்றவர்களிடம் கேளுங்கள். மாதிரிப் பள்ளிகளிலிருந்து ஐஐடிக்கும் என்ஐடிக்கும் பிள்ளைகள் போகிறார்கள் என்றால், அங்கே வழிகாட்டல் கடைசி மாதத்தில் தொடங்குவதில்லை என்பதும் ஒரு காரணம். மற்ற பள்ளிகளில்? ஏற்கெனவே பாடம், எமிஸ் என்கிற பள்ளித் தகவல் இணையதளப் பதிவு, பரீட்சைப் பணி என்று மூச்சு முட்டிக்கிடக்கும் ஒரு ஆசிரியரின் தலையில் வழிகாட்டி பொறுப்பும் ஏறுகிறது. ஒரு நாள் பயிற்சி, ஒரு பிடிஎஃப், கொஞ்சம் வீடியோ. அவரும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் சதவீதத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர். வழிகாட்டி பீரியடில் கணக்குப் பாடம் நடந்தால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த குறையும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளில் வழிகாட்டலும் ஆலோசனையும் வேண்டும் என்று தன் அறிக்கையில் தனி அத்தியாயமே எழுதியது. எழுபது வருஷம் தாண்டிவிட்டது. நம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் முழுப் பெயரே 'வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்'. போர்டில் எழுதியிருக்கிறது, பதிவைப் புதுப்பிக்கப் போகிறபோது அண்ணாந்து பாருங்கள்.

இங்கிலாந்தில் காட்ஸ்பி என்கிற அறக்கட்டளை 2014இல் பள்ளிகளுக்கு 8 அளவுகோல்கள் வகுத்தது. அதில் ஒன்று, ஒவ்வொரு மாணவருக்கும் 16 வயதுக்குள் ஒருமுறையும் 18க்குள் இன்னொரு முறையும் பயிற்சி பெற்ற ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசவேண்டும் என்பது. இன்னொன்று, வேலை செய்கிற மனிதர்களை மாணவர்கள் ஆண்டுதோறும் சந்திக்கவேண்டும் என்பது. முதலாவது நம் எண்ணிக்கைக்குச் சிரமம், ஒப்புக்கொள்கிறேன். பிளஸ் டூ மட்டுமே வருஷத்துக்கு எட்டு லட்சம் பேருக்குப் பக்கத்தில் எழுதுகிறார்கள். ரெண்டாவதற்குக் காசே வேண்டாம்.

எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி சுற்றி எத்தனை ஷூ கம்பெனி, எத்தனை டேனரி. என் வகுப்பில் பல பிள்ளைகளின் அம்மா விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறுகிறவர். அந்தப் பிள்ளைகளுக்குத் தோல் என்றால் அம்மா தைக்கிற மெஷின்தான். அதே கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறவர், லேபில் தோலைச் சோதிக்கிறவர், ஏற்றுமதி ஆவணம் பார்க்கிறவர் இருக்கிறார்கள், அவர்கள் என்ன படித்தார்கள் என்பது தெரியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக்கில், அதாவது அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில், பி.டெக். தோல் தொழில்நுட்பம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே அடையாறில், 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். கிண்டியில் காலணித் தயாரிப்புக்கென்றே மத்திய அரசின் பயிற்சி நிறுவனம். தோல் ஊரில் பிறந்த பிள்ளை கவுன்சலிங்கில் அந்தக் கோர்ஸைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்துத் தாண்டிப்போகிறது. எல்லாரும் தோல் படிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. டேனரி நாற்றத்தோடு வளர்ந்த பிள்ளை அதிலிருந்து ஓட நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எதைவிட்டு ஓடுகிறோம் என்பதாவது தெரிந்திருக்கட்டும். சிவகாசிப் பிள்ளைக்குப் பிரின்டிங் டெக்னாலஜியும், நாகப்பட்டினத்துப் பிள்ளைக்கு அங்கேயே இருக்கும் மீன்வளப் பல்கலைக்கழகமும் இதே கதைதான்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் வாரம் ஒரு பீரியட், அதை வேறு பாடத்துக்கு யாரும் பிடுங்கக்கூடாது. எந்த குரூப் எடுத்தால் எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்று ஒரே பக்கத்தில் ஒரு அட்டவணை, பத்தாம் வகுப்பு அரையாண்டுக்கு முன்பே பெற்றோர் கையில். பக்கத்துப் பள்ளிகளில் என்னென்ன குரூப் இருக்கிறது, பஸ் எத்தனை மணிக்கு என்பதும் அதிலேயே. நாலைந்து பள்ளிகளுக்குச் சேர்த்து, பாடம் எடுக்காத, இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு ஆள். சான்றிதழ் வேலையெல்லாம் பதினொன்றாம் வகுப்பிலேயே முடியவேண்டும். அட்டவணையை நானே போட்டுக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் இங்கேயே பதிவிடுகிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள், மற்ற மாவட்டத்து ஆசிரியர்கள் உங்கள் ஊர் பஸ் நேரத்தைப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மேனேஜர்தான் வரவேண்டும் என்றில்லை. கட்டிங், லேப், கணக்குப் பிரிவு, மெஷின் மெக்கானிக், யாராக இருந்தாலும் சரி. ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு ஒன்பதாம் வகுப்புக்கு வாருங்கள். என்ன படித்தீர்கள், எவ்வளவு சம்பளத்தில் தொடங்கினீர்கள், இந்த வேலையில் எது பிடிக்கவில்லை என்று நாற்பது நிமிஷம் பேசினால் போதும். மைக், பொன்னாடை எதுவும் கிடையாது. டீ உண்டு.