மிக மிக அவசரம்: தலைமையாசிரியர்கள் கவனத்திற்கு

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே முக்கால். மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல். 52இல் 27 போகணும். "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்து வீட்ல கடன் கேக்கணும்"னு சொல்லி வாய் மூடலை, மேசை மேல போன் துடிக்குது.

"மிக மிக அவசரம். பள்ளியில் பயன்பாட்டில் உள்ள கழிப்பறைகளின் எண்ணிக்கையை இன்று 3 மணிக்குள் கூகுள் ஷீட்டில் பதிவிடவும். பதிவிடாத பள்ளிகளின் பட்டியல் மேலிடத்துக்கு அனுப்பப்படும்."

ஏங்க, கழிப்பறை என்ன ராத்திரியோட ராத்திரியா குட்டி போடுமா? வருஷா வருஷம் மத்திய அரசோட பள்ளிப் புள்ளிவிவரத் தளம் யூடைஸ் பிளஸ்ல ஏத்துறோம். மாநிலக் கல்வித்துறையோட தளம் எமிஸ்ல இருக்கு. போன மாசம் வட்டார வள மையத்துக்குத் தாளில் எழுதி, சீல் வச்சுக் கொடுத்துட்டு வந்தேன். அதே ரெண்டு கழிப்பறை. நாலாவது தடவையா அதை எண்ணிச் சொல்லணும், கால் மணி நேரத்துல.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. அஞ்சு வகுப்பு, ரெண்டு பேர். அதுல ஒருத்தி நான். தலைமையாசிரியர்னு பலகை தொங்குதே தவிர, மூணு வகுப்பு என் தலையிலதான். தொடக்கப் பள்ளிக்கு எழுத்தர் பணியிடம் கிடையாது. வருகைப் பதிவு, காலை உணவுக் கணக்கு, பிள்ளைங்களோட அபார் அடையாள எண், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், வந்திறங்கிய பாடநூல் கட்டு எத்தனை, எல்லாமே என் சொந்த போன்ல, என் காசு டேட்டாவுல. டவர் கிடைக்கிறது தண்ணித் தொட்டிப் பக்கம் மட்டும். நான் அங்கே கையைத் தூக்கிட்டு நிக்கிறதைப் பார்த்தா, டீச்சருக்கு செல்ஃபி பைத்தியம்னுதான் ஊர் பேசும்.

சரி, அதிகாரிகளை விடுங்க. அவங்களுக்கும் மேலே இருந்து யாரோ கத்துறாங்க. என் வயித்தெரிச்சல் எல்லாம் எங்க ஆசிரியர் சங்கத்து மேல. வேலைக்குச் சேர்ந்த வருஷத்துல இருந்து ஒரு வருஷம் விடாம சந்தா கட்டுறேன். எதுக்கு? இந்த மாதிரி நேரத்துல "நிறுத்துங்கய்யா"ன்னு கேட்க ஒரு ஆள் வேணும்னுதானே?

எங்க வட்டாரச் சங்கத்தோட வாட்ஸ்அப் குழுவுல என்ன வருது தெரியுமா? அந்த அவசரச் செய்தியே திரும்ப வருது. "சங்க உறுப்பினர்கள் உடனே பதிவிட்டு ஒத்துழைப்பு நல்கவும்." நல்கவும்! அதுக்குக் கீழே ஒரு போட்டோ. பொன்னாடை, பூங்கொத்து, சிரிச்ச முகமா நாலு பொறுப்பாளர்கள். "மரியாதை நிமித்தமாகச் சந்தித்தபோது." மரியாதை மட்டும்தான் நிமித்தம்போல, ஒரு கோரிக்கை மனுவையும் கையில காணோம்.

போன வருஷம் செப்டம்பர் ஞாபகம் இருக்கா? 2025 செப்டம்பர் 1, ஏற்கெனவே வேலையில இருக்கிற ஆசிரியர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுதணுமாங்கிறதுக்கு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன நாள். ஊர்ல பாதி டீச்சருக்குத் தூக்கம் போச்சு. அன்னிக்குச் சங்கம் நாலு வரி எழுதியிருக்கணும்: ஓய்வுக்கு 5 வருஷத்துக்கு மேல இருக்கிறவங்க 2 வருஷத்துக்குள்ள தேர்ச்சி பெறணும், அதுக்குக் குறைவா இருக்கிறவங்க ஓய்வு வரைக்கும் தொடரலாம், ஆனா பதவி உயர்வு வேணும்னா தேர்வு எழுதியாகணும். அவ்வளவுதான். வந்தது என்ன? பதினாலு நிமிஷ ஆடியோ ஒண்ணு. "யாரும் அஞ்ச வேண்டாம், தலைமை பார்த்துக்கொள்ளும்"னு ஆரம்பிச்சு, தலைமையோட தியாக வரலாறுல முடிஞ்சுது. கடைசியில சட்டம் படிக்கிற என் அக்கா பொண்ணுதான் தீர்ப்பை வரி வரியா படிச்சுச் சொன்னா.

இந்தக் கழிப்பறைக் கணக்குக்கு அப்புறம் பொறுக்காம நானே குழுவுல எழுதினேன். கல்வி உரிமைச் சட்டம் 2009, 27ஆவது பிரிவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இது மூணு தவிர ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது. கூகுள் ஷீட் நிரப்புறது கல்விப் பணியா இல்லையான்னு அதுல சொல்லலை, அந்தச் சந்துலதான் எல்லாம் நுழையுது. ஏற்கெனவே எமிஸ்ல இருக்கிற விவரத்தை வேற படிவத்துல கேட்கக் கூடாதுன்னு ஒரு மனுவாவது கொடுக்கலாமேன்னு கேட்டேன். மரியாதையாத்தான் கேட்டேன், அண்ணான்னு கூப்பிட்டு.

ஒரு மணி நேரம் கழிச்சுச் செயலாளர் அண்ணன்கிட்டேர்ந்து பதில்: "தங்கள் கருத்து மாநிலப் பொறுப்பாளர்களின் கவனத்திற்குக் கொண்டு செல்லப்படும்." அடுத்த நிமிஷமே ஒருத்தர் பிறந்தநாள் போஸ்டர். அதுக்கு நாற்பது பேர் கைகூப்பு. என் கேள்வி மேலே மேலே போய்க் காணாமலே போயிடுச்சு.

அன்னிக்குத் தொட்டிப் பக்கம் நின்னு ஷீட்டை நிரப்பிட்டு வகுப்புக்குத் திரும்பினா மணி மூணு பத்து. முன் வரிசைப் பையன் சிலேட்டைத் தூக்கிக் காட்டுறான். "டீச்சர், இன்னும் கடனே வாங்கல."

நேத்து ராத்திரி குழுவுல புதுச் செய்தி. "மிக மிக அவசரம். இந்த ஆண்டுச் சந்தா பாக்கி உள்ளவர்கள் நாளை மாலைக்குள் செலுத்தவும்." என் பேரும் பட்டியல்ல இருந்துது. வாழ்க்கையில முதல் தடவையா பாக்கி வச்சிருக்கேன்.

பதில் போட்டேன்: "தங்கள் கோரிக்கை என் கவனத்திற்குக் கொண்டு செல்லப்படும்."