சாட்சி சொல்ல எழுந்தால் படகும் விசாவும் மட்டும்தானா?

எங்கள் பக்கத்துச் செபக்கூட்டங்களில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்களைக் கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். புதுப் படகு இறக்கியாச்சு, மகனுக்கு குவைத் விசா வந்தாச்சு, மாடி எடுத்தாச்சு, ஆண்டவருக்கு நன்றி. சந்தோஷம்தான், நானும் கைதட்டுகிறேன். ஆனால் 'எம்புள்ள ஆர்மோனியத்துல ஒரு பாட்டை முழுசா வாசிச்சுட்டான், ஆண்டவருக்கு நன்றி' என்று தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ யாரும் எழுந்து சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் பின்வரிசையில் சிரிப்பார்கள்.

பைபிளில் மத்தேயு 25-இல் வரும் தாலந்து உவமையைக் கேட்காத ஆள் இந்தக் கரையில் கிடையாது. எஜமான் மூன்று வேலைக்காரரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார், முதல் இருவர் அதை ரெட்டிப்பாக்குகிறார்கள். 'போட்டது ரெட்டிப்பாகும்' என்ற அளவில் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம், ஏதோ சீட்டுக் கம்பெனி விளம்பரம் மாதிரி. கணக்கைப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு தாலந்து என்பது 6000 தெனாரியம். கூலியாளுக்கு ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். அப்படியானால் 'பாவம், இவனுக்குத்தான் கொறச்சல்' என்று நாம் இரக்கப்படும் மூன்றாவது வேலைக்காரன் கையில் கொடுக்கப்பட்டதே ஏறக்குறைய இருபது வருஷக் கூலி! அதை அவன் குடித்து அழிக்கவில்லை, சூதாடவில்லை. பயந்துபோய்க் குழி தோண்டிப் புதைத்தேன் என்கிறான்.

எனக்கு அந்தப் பயம்தான் உறுத்துகிறது. எங்கள் சனங்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று திட்ட எனக்கு மனசு வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். தடை முடிந்து போனாலும் எந்த ராத்திரி இலங்கை நேவி வந்து படகோடு கொண்டுபோகும் என்று தெரியாது. படகு அந்தக் கரையில் கிடந்து மக்கும், வட்டி இந்தக் கரையில் ஏறும். இப்படி வாழ்கிற தகப்பன், பாடுகிற மகளைப் பார்த்து 'பாட்டு சோறு போடுமா?' என்று கேட்டால் அதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? பயம். ஆனால் பயத்தில் தோண்டினாலும் குழி குழிதான், அதில் புதைவது பிள்ளையின் திறமை.

எனக்குத் தெரிந்த ஓடாவி ஒருவர் இருக்கிறார். வத்தை என்கிற மரப்படகு கட்டுகிறவர். பலகையை விரல் முட்டியால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே உளுத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இரண்டு பலகைக்கு நடுவில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்து இறக்கும்போது கண்ணால்கூடப் பார்க்க மாட்டார், பேச்சு எங்களோடு இருக்கும், கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வரைபடம், அளவுச்சீட்டு எதுவும் கிடையாது. அவர் மகன் துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி அடுக்குகிறான். 'நல்லாத்தான் இருக்கான் தம்பி, மாசாமாசம் பணம் வருது. ஆனா என்னையவிட அவனுக்குத்தான் கை இருந்துச்சு' என்றார். சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

பைபிளில் விடுதலைப் பயணம் 31-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே இறை ஆவியால் நிரப்பப்படுகிறவர் குருவோ இறைவாக்கினரோ இல்லை, கைவினைஞர். பொன், வெள்ளி, வெண்கலம், மரம் என்று எல்லாவற்றிலும் வேலை தெரிந்த பெட்சலேல். மரத்தைச் செதுக்குகிற கைக்கும் ஆவியானவர் வருகிறார் என்று பைபிளே சொல்லும்போது, நாம் மட்டும் வரம் என்றால் பரவசப் பேச்சும் குணமாக்குதலும்தான் என்று ஏன் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அந்த ஓடாவியை ஒருநாளாவது பலிபீடத்துக்கு முன்னால் கூப்பிட்டுத் துண்டு போர்த்தியிருக்கிறோமா? போர்த்துகிற துண்டெல்லாம் நன்கொடைப் பட்டியலில் முதலில் இருப்பவருக்குத்தான்.

வருஷா வருஷம் ஓரியூருக்குப் போகிறோம். அங்கே உயிர்விட்ட அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ, போர்ச்சுக்கலிலிருந்து வந்த குருவானவர், லிஸ்பன் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். மறவர் நாட்டிலிருந்து ஊருக்குத் திரும்பிப் போனபோது, அதே இளவரசர் அரசராகியிருந்தார், கூடவே இருந்துவிடும்படி கேட்டார். மறுத்துவிட்டு இங்கேயே வந்தார், 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் வெட்டுப்பட்டார். அவர் ரத்தம் சிந்தியதால் சிவந்தது என்று சொல்லும் அந்த மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, புது லோடு வண்டியின் டேஷ்போர்டில் வைக்கிறோம். (என் சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள், தெரிந்துதான் எழுதுகிறேன்.)

இராமநாதபுரத்துக்காரன் பதிவு எழுதிவிட்டுக் கலாமைச் சொல்லாமல் விட முடியாது. ராக்கெட்டை விடுங்கள், அவர் அக்கா சொகராவைச் சொல்கிறேன். தம்பிக்குச் சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தபோது கட்டப் பணமில்லை. தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அதற்கு முன்னால், இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் அந்தப் பையனுக்குத் தன்மேல் நம்பிக்கை வரவைத்தவர் அய்யாத்துரை சாலமன் என்ற கிறிஸ்தவ வாத்தியார். நகையை எதற்காக அடகு வைக்கலாம் என்பதை ஒரு முஸ்லிம் வீட்டு அக்கா நமக்குக் காட்டியிருக்கிறார். நாமும் அடகு வைக்காமல் இல்லை. திருவிழாவுக்கு வரும் சம்பந்தி வீட்டார் முன்னால் கௌரவம் குறையக்கூடாது என்று வைக்கிறோம்.

'அப்போ சம்பாதிக்க வேணாங்கிறியா?' என்று ஒரு சித்தப்பா கண்டிப்பாகக் கேட்பார். வேண்டும் சித்தப்பா. திருத்தூதர் பவுல் கொரிந்தில் கூடாரம் செய்து பிழைத்தவர்தான். கைத்தொழிலும் காசும் பகையாளிகள் இல்லை. காசு மட்டுமே கணக்கு என்று போனதன் பலனைக் கடலிலேயே பார்க்கிறோமே, இரண்டு படகு சேர்ந்து ரெட்டைமடி வலை இழுத்து மீன்குஞ்சையும் வாரிக்கொண்டு வந்தது நம்ம ஆட்கள்தானே?

ஆகவே கேட்பது பெரிய விஷயமில்லை. கொடியேற்றத்திலிருந்து சப்பரம் வரைக்கும் சீரியல் லைட்டுக்கும் வாணத்துக்கும் தலைக்கட்டு வரி பிரிக்கிறோம். அதில் ஒரு பங்கை எடுத்து, ஓடாவியிடம் தொழில் கற்க வரும் பையனுக்கு ஒரு வருஷம் நாள்கூலி கொடுக்கலாம். கோயிலுக்கு இரண்டு ஆர்மோனியம் வாங்கி, சாயந்திரம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். பாம்பனில் 2016-இல் கடல் ஓசை வானொலி தொடங்கி, நம்ம பிள்ளைகள் கையில் மைக் கொடுத்தபோது எத்தனை பேருக்குக் குரல் இருந்தது என்று தெரிந்ததே, அதுபோல இன்னும் எத்தனை கிடக்கிறதோ.

அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்கப்போகிறேன். லைட்டைக் குறைத்தால் பக்கத்து ஊர்க்காரன் கேலி பேசுவான் என்று இப்போதே இரண்டு பேர் போன் பண்ணிவிட்டார்கள். பேசிவிட்டுப் போகட்டும். கணக்கு நோட்டில் அந்த வரியை மட்டும் யாராவது வழிமொழிந்தால் போதும்.