‘பழைய சேகரிப்பு’ என்ற ஒரு வரி சான்று ஆகாது

ஏலப் பட்டியலில் ‘பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து’ என்று போட்டிருந்தால் ரோமானியக் காசின் பூர்வீகம் (முன்பு யார் யாரிடம் இருந்தது என்பது) உறுதி என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது விற்பவர் சொல்லும் தகவல் மட்டுமே. சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் அந்தக் கொலையை நினைவுகூர்ந்து வெளியிட்ட தங்கக் காசு ஒன்று 2020-இல் லண்டனில் சுமார் 42 லட்சம் டாலருக்குப் போனது. காட்டிய பூர்வீகம் பொய் என்று தெரிந்து, 2023-இல் கிரீஸுக்குத் திரும்பியது.

ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக நூலகம் பழைய ஏலப் பட்டியல்களை ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கிறது. அந்தப் படங்களோடு காசை ஒப்பிடுங்கள்; அதே காசு அதில் இருந்தால், அப்போதே விற்பனைக்கு வந்ததற்கு அதுதான் சான்று. முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஒரே அச்சில் அடித்தவற்றுக்கு முகம் ஒன்றுதான். விளிம்பில் எங்கே வெடிப்பு, ஓரத்தைச் சுற்றியுள்ள புள்ளி வளையம் எந்தப் பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கையால் அடித்த காசு; இதெல்லாம் இன்னொன்றில் அப்படியே அமையாது.