முப்பது வருஷமாகப் பாதியில் நின்ற பாட்டு

என் காருக்கு வயது 12. ஏசி முனகும். பின்பக்கம் இடது கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. இந்த வண்டிக்குப் போய் ஏறக்குறைய 40,000 ரூபாய்க்கு பாட்டு செட் மாட்டியிருக்கிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "அந்தக் காசுக்கு டயர் மாத்தியிருக்கலாமே?" மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

தினமும் பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் போக வர இரண்டு மணி நேரம். யாரும் என்னைக் கூப்பிடாத இரண்டு மணி நேரம் எனக்கு அது ஒன்றுதான். அதைக் கரகரவென்று இரைகிற பழைய ஸ்பீக்கரோடு கழிக்க வேண்டுமா என்று ஒரு சனிக்கிழமை தோன்றியது. கார் சாமான் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மவுண்ட் ரோட்டிலிருந்து அந்தத் தெருவுக்குள் திரும்பி வண்டியை மெதுவாக்கினாலே போதும், நான்கு பேர் ஓடி வருவார்கள். சீட் கவரா, கேமராவா, ஊஃபரா? ஒரு தம்பி என்னைப் பார்த்ததும் சொன்னான்: "சார், பாட்டு போட்டா பின்னாடி வர்ற வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறதை நிறுத்தணும், அப்படி ஒரு பேஸ் டியூப் இருக்கு." டிக்கியில் வைத்து, பேஸ் என்கிற கனத்த ஓசையை அதிரவைக்கும் குழாய் ஸ்பீக்கர் அது. ஒரு நொடி சபலம் வந்தது உண்மைதான். பெட்டியின் மேல் எழுதியிருந்த வாட்ஸ் கணக்கைப் பார்த்தவுடன் தெளிந்துவிட்டேன்.

இந்த வாட்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், காசு போடப் போகிறவர்களுக்கு உதவும். செட் பெட்டியில் கொட்டை எழுத்தில் '50 வாட்ஸ் × 4' என்று இருக்கும். ஓடுகிற காரின் மின்சாரம் சுமார் 14 வோல்ட். அதை வைத்துக்கொண்டு, தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், 4 ஓம் ஸ்பீக்கருக்கு சுத்தமாகத் தரக்கூடியது 25 வாட்ஸ் அளவுதான். உள்ளே இருக்கும் கையேட்டைப் புரட்டினால் பொடி எழுத்தில் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய நிஜ அளவு, 22 என்றோ என்னவோ ஒப்புக்கொண்டிருப்பார்கள். நம் காலத்து ரேடியோ-கேசட் டூ-இன்-ஒன்களில் பி.எம்.பி.ஓ. என்று ஊதிப் பெருக்கிய வாட்ஸ் கணக்கை ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார்களே, அதன் பேரன் இது. பொடி எழுத்தை மட்டும் படியுங்கள்.

கடைசியில் வாங்கியது இவ்வளவுதான்: டேஷ்போர்டில் இரட்டை உயர இடம் பிடிக்கும் ஒரு டபுள் டின் டச் செட், முன் கதவுகளுக்கு கனத்த ஓசைக்கு ஊஃபரும் கீச்சு ஓசைக்கு ட்வீட்டரும் தனித்தனியாக வரும் ஒரு ஜோடி காம்போனென்ட் ஸ்பீக்கர், டிரைவர் சீட்டுக்கு அடியில் போகும் தட்டையான ஒரு ஊஃபர். அப்புறம் யாரும் சிபாரிசு செய்யாத ஒரு பொருள், கதவுத் தகட்டின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட். ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் பிசுபிசுவென்ற கறுப்பு ரப்பர். கதவின் உள் தகட்டில் ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒட்டிய கதவை மூடினால் 'டப்' என்று பீரோ சாத்துகிற சத்தம் வருகிறது. அதற்கு முன் தகர டப்பா சத்தம். மொத்தச் செலவில் எனக்கு முழுத் திருப்தி தந்தது இதற்குக் கொடுத்த 3,000 ரூபாய்தான்.

மாட்டியது வேறொரு கடையில். பெயர் வேண்டாம், பையன் பாவம். வீட்டுக்கு வந்து பாட்டைப் போட்டால் கதவுகளிலிருந்து பேஸே இல்லை. இவ்வளவு செலவழித்தும் டிரான்சிஸ்டர் மாதிரிக் கேட்கிறது. வயிற்றில் புளி கரைத்தது. பேலன்ஸை முழுக்க வலப்பக்கம் தள்ளினேன், பேஸ் வந்தது. முழுக்க இடப்பக்கம், அப்போதும் வந்தது. நடுவில் வைத்தால் மாயம். சரி, கண்டுபிடித்துவிட்டேன். ஒரு கதவில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கிறது. ஒரு ஊஃபர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. கனத்த ஓசைகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

ஞாயிறு காலை டோர் பேடைக் கழற்றி, செட்டின் பின்னால் கப்ளரைப் பிடுங்கி, டிவி ரிமோட்டிலிருந்து எடுத்த ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் வயர்களில் ஒரு நொடி தொட்டேன். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன், அதாவது ஸ்பீக்கரின் கூம்பு, வெளியே துள்ள வேண்டும். வலது கதவில் துள்ளியது. இடது கதவில் நத்தை மாதிரி உள்ளே போனது. வயரை மாற்றிப் போட ஐந்து நிமிடம். அதற்குள் வீட்டில் ரிமோட்டைத் தேடி ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது.

அடுத்து டைம் அலைன்மென்ட், அதாவது இரண்டு பக்க ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்வது. நாம் உட்காருவது வலது பக்கம், வலது ஸ்பீக்கர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இடது ஸ்பீக்கர் அரை மீட்டர் தள்ளி. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும் என்பதால் வலது பக்கம் ஒன்றரை மில்லி செகண்ட் முந்திக்கொண்டு வருகிறது. செட்டில் வலதை அந்த அளவு தாமதப்படுத்தினேன். அதுவரை கதவுக்குள்ளிருந்து பாடிக்கொண்டிருந்தவர் எழுந்து போய் டேஷ்போர்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஒரு ரூபாய் செலவில்லை. இந்த வசதி இருப்பதைக் கடையில் ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 1991இல் விருதுநகரில் ஒரு ரெக்கார்டிங் கடை. தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, டிடிகே 60 வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து கிடைக்கும். நான் எழுதிக் கொடுத்ததில் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' ஏ பக்கத்தின் கடைசியில் போய் விழுந்தது. கிட்டத்தட்ட ஐந்து நிமிடப் பாட்டு, மூன்றரை நிமிடத்தில் டக். நாடா தீர்ந்தது. அதற்குப் பிறகு டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் யூடியூபிலும் முழுசாக எத்தனையோ முறை காதில் விழுந்திருக்கும். ஆனால் அந்த இடம் வந்ததும் என் காது எழுந்து போய்விடும்.

போன வாரம் ரேடியல் ரோடு சிக்னலில் அதை முதலிலிருந்து போட்டேன். குரல் வருவதற்கு முன் அரை நிமிடம் வெறும் டிரம்ஸும் பேஸும். தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் இந்த முன்னிசையை வெட்டச் சொன்னாராம், ஜாக்சன் மறுத்துவிட்டாராம். நல்ல வேளை. அந்த பேஸ் கிடாரை வாசித்தவர் லூயிஸ் ஜான்சன். கேசட்டில் அது 'தும் தும்' என்ற ஒரு மங்கலான துடிப்பு. இங்கே ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, விரல் எடுப்பது உட்படக் கேட்கிறது. பின்னணிக் குரல்களில் சிலவற்றை ஆறடி நீள அட்டைக் குழாய் வழியாகப் பாடவைத்துப் பதிந்தார்களாம். அந்தக் குரல்கள் கொஞ்சம் தள்ளி, வேறொரு அறையிலிருந்து வருகிற மாதிரி இருக்கின்றன. மூன்றரை நிமிடம் தாண்டியது. டக் வரவில்லை. கடைசியில் பாட்டு முடியவும் இல்லை, மங்கி மங்கிப் போகிறது. பின்னால் ஹாரன். சிக்னல் எப்போதோ விழுந்துவிட்டது.

அடுத்த நாள் 'என் இனிய பொன் நிலாவே'. 1980, மூடுபனி, இளையராஜாவின் நூறாவது படம். யேசுதாஸும் கிடாரும்தான் அந்தப் பாட்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அடியில் பேஸ் கிடார் தன் பாட்டுக்கு இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது. ஜி.பி. ரோடு தம்பியின் டியூபை வாங்கியிருந்தால் இந்த மெட்டைத்தான் முதலில் இழந்திருப்பேன். டிக்கி அதிர்வது பேஸ் என்று நமக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். என்ன சுரம் என்று பிரித்துச் சொல்ல முடியாத பேஸ் எனக்கு வேண்டாம். கட்டடம் கட்டும் இடத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

ஒன்றே ஒன்று, ப்ளூடூத்தை நம்பாதீர்கள். எல்லாக் கருவிகளிலும் இருக்கும் சாதா ப்ளூடூத் முறையில் வழக்கமாக அதிகபட்சம் 328 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 328 கிலோபிட் ஒலித் தகவல். சிடியில் 1,411. நான் கேபிள்தான். யாரோ வீட்டுக் கேசட்டிலிருந்து எடுத்து, எக்கோ சேர்த்து, 'ரீமாஸ்டர்டு' என்று ஏற்றிவைத்திருக்கும் பாட்டுகளுக்கு எந்த கேபிளும் உதவாது.

மகளை டியூஷனில் விடும்போது 'பில்லி ஜீன்' போட்டேன். "ஐ, ரீல்ஸ் பாட்டு!" என்றாள். அவளுக்குத் தெரிந்தது பதினைந்து நொடி. என்னைவிட மோசம்.

வீட்டில் செலவு எவ்வளவு என்று கேட்டார்கள். டேம்பிங் ஷீட் விலையை மட்டும் சொல்லியிருக்கிறேன். அம்மணி முகநூலில் இல்லை, நண்பர்கள் யாரும் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பித் தொலைக்காதீர்கள்.