கூடாரத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு

லாஸ் ஏஞ்சல்ஸ் நடைபாதையில் வரிசையாகக் கூடாரம் போட்டுக் கிடப்பவர்களின் வீடியோ மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு வந்திருக்கிறது. "இதுதான் வல்லரசா?", "இதுக்கு நம்ம குடிசையே தேவலை" என்று கூடவே நக்கல். இன்னொரு கூட்டம் தாராவியை ட்ரோனில் எடுத்த படத்தைப் போட்டு, "இதெல்லாம் எப்போ ஒழியுமோ" என்று பெருமூச்சு விடுகிறது. இரண்டு பேருக்கும் சேர்த்தே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் வீடற்றவர்கள் 7,71,480 பேர். முந்தைய ஆண்டைவிட 18 சதவீதம் அதிகம். இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம், குடிசைப் பகுதிகளில் இருந்தவர்கள் ஆறரைக் கோடிப் பேர். குடிசையில் இருப்பவரை வீடற்றவர் பட்டியலில் சேர்க்கவில்லை. அது சரியும்கூட, ஏனென்றால் அது வீடு. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த விஷயம்தான் அதிகாரிகளுக்கும் புரிவதில்லை, வீடியோ பகிர்கிறவர்களுக்கும் புரிவதில்லை.

ஒரு குடிசை வளர்வதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் நாலு கொம்பு, ஒரு தார்ப்பாய். இடிக்க யாரும் வரவில்லை என்றால் தார்ப்பாய் போய்த் தகரம் வரும். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு பக்கம் மட்டும் செங்கல் சுவர். அடுத்த சுவருக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆகலாம். கடைசியில் ஒருநாள் கான்கிரீட் தளம் போடுவார்கள். போட்டாலும் மூலைக்கு மூலை கம்பியை வெட்டாமல் நீட்டி விட்டிருப்பார்கள், என்றைக்காவது மாடி எடுக்கலாம் என்று. மாடி வந்தால் வாடகை வரும். வங்கிக் கடன் கிடையாது, பிளான் அப்ரூவல் கிடையாது, பட்டாவும் கிடையாது. பெரு நாட்டில் லிமா நகரத்துக்கு வெளியே பாலைமணலில் 1971-இல் இப்படிக் குடியேறியவர்களின் வில்லா எல் சல்வடோர் இன்றைக்கு லட்சக்கணக்கானோர் வாழும் தனி மாவட்டம். அங்கே அரசு செய்த பெரிய உபகாரம், ஆட்களை விரட்டாமல் மனைப்பிரிவு போட்டுக் கொடுத்தது.

உடனே "குடிசை வாழ்க! என்ன சமூக ஒற்றுமை!" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த ரகக் கட்டுரைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், எழுதியவர் ஒரு நாளாவது பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றிருப்பாரா என்று. கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் கேன் கணக்கில் தண்ணீர் வாங்கும் குடும்பம், லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், குழாய் இணைப்பு உள்ள வசதியான வீட்டைவிட அதிகம் செலவழிக்கிறது. இருட்டிய பிறகு கழிப்பறைக்குப் போகப் பெண்கள் பயப்படுகிறார்கள். ஓர் அடுப்பு கவிழ்ந்தால் வரிசையே எரிந்துபோகும்.

ஆனால் இந்தக் குறை ஒவ்வொன்றும் இருக்கிற இடத்திலேயே சரிசெய்யக் கூடியது. தண்ணீர்க் குழாய், சாக்கடை, மின்சாரம், காலி செய்யச் சொல்ல மாட்டோம் என்று ஒரு தாள். தாய்லாந்தில் 2003 முதல் நடக்கும் பான் மான்கொங் திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் வைத்துக் குழுவாகக் கடன் வாங்கி, முடிந்தவரை அதே இடத்திலோ பக்கத்திலோ வீட்டைத் திருத்திக் கட்டிக்கொள்கிறார்கள்.

பணக்கார நாடுகளுக்கு வருவோம். அங்கேயும் குடிசைகள் இருந்தன. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் சியாட்டில் நகரத்தில் வேலை இழந்தவர்கள் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய பெரிய குடியிருப்பு, 1941-இல் நகராட்சி அழிக்கும்வரை நின்றது. அதன் பிறகு கட்டட விதிகள் இறுகின. ஓர் அறை, பொதுக் கழிப்பறை, வார வாடகை என்று இருந்த மலிவான விடுதிகள் நியூயார்க் மாதிரி நகரங்களில் லட்சக்கணக்கில் இடிக்கப்பட்டன அல்லது வசதியானவர்களின் வீடுகளாக மாற்றப்பட்டன. அந்த விடுதிகள் மோசமானவைதான். மோசமானதை எடுத்தார்கள், அதே விலையில் நல்லதை வைக்கவில்லை. ஏணியின் கீழ்ப்படிகளை மட்டும் கழற்றிய மாதிரி. வாடகை கட்ட முடியாமல் போகிறவர் அங்கே குடிசைக்கு இறங்குவதில்லை, நேரே காருக்குள்ளோ நடைபாதைக்கோ வந்துவிடுகிறார்.

"அவங்கெல்லாம் போதை ஆளுங்க" என்பது அடுத்த பதில். போதை அளவு மீறிச் சாகிறவர்கள் விகிதத்தில் மேற்கு வர்ஜீனியா பல வருஷமாக அமெரிக்காவிலேயே முன்னணியில் இருக்கும் மாநிலம். ஏழை மாநிலமும்கூட. அங்கே வீடற்றவர்கள் விகிதம் கலிபோர்னியாவில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். காரணம் வாடகை. போதைக்கு அடிமையானவருக்கும் அங்கே ஒரு அறை கட்டுப்படியாகிறது.

கூடாரத்தில் இருப்பவரின் நாள் எப்படிப் போகிறது? காலையில் கழிப்பறை தேட வேண்டும், போனுக்கு சார்ஜ் ஏற்ற இடம் தேட வேண்டும். திரும்பி வருவதற்குள் நகராட்சி வண்டி வந்துபோயிருந்தால் கூடாரம், மருந்து, அடையாள அட்டை எல்லாம் குப்பையில். அட்டை இல்லாமல் வாடகை வீடு கிடைக்காது, முகவரி இல்லாமல் அட்டை வாங்குவது பெரும்பாடு. ஓரிகான் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறிய நகரத்தில் பொது இடத்தில் போர்வை விரித்துப் படுத்தாலே 295 டாலர் அபராதம் போட்டார்கள். கட்டவில்லை என்றால் இன்னும் ஏறியது. அது செல்லும் என்று 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. மாறுபட்டு எழுதிய நீதிபதி சோட்டோமேயர், தூக்கம் உடலின் தேவை, குற்றமல்ல என்றுதான் தன் தீர்ப்பைத் தொடங்கினார்.

காசு இல்லாததால் இப்படி என்று யாரும் சொல்ல முடியாது. பின்லாந்து 2008 முதல் வேறு வழியில் போனது. முதலில் வீட்டைக் கொடு, குடிப்பதை நிறுத்தினால்தான் வீடு என்ற நிபந்தனையெல்லாம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஹெல்சின்கியில் 250 படுக்கை கொண்ட ஒரு தங்குமிடத்தைச் சுமார் 80 தனி வீடுகளாக மாற்றி, வாடகை ஒப்பந்தம் போட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். 1980-களின் இறுதியில் 18,000 வாக்கில் இருந்த வீடற்றவர் எண்ணிக்கை 2023-இல் 3,400 வாக்கில் வந்து நின்றது. 2024-இல் மறுபடி ஏறிவிட்டது. அரசு உதவித்தொகைகளைக் குறைத்த நேரமும் அதுதான். மாட்ரிட் பக்கத்தில் அனுமதியில்லாமல் கட்டிக்கொண்ட கன்யாடா ரியால் குடியிருப்பிலோ 2020 அக்டோபரிலிருந்து பெரும் பகுதிக்கு மின்சாரமே இல்லை. ஸ்பெயினும் பணக்கார நாடுதான்.

இப்போது நம் பக்கம். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் இந்திய உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. வேலை அங்கே இருப்பதால்தான் அவர்கள் அங்கே படுக்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் மழைக்காலம் முடிந்ததும் காலி செய்யலாம் என்றே முடித்தது. அந்த இரண்டாவது பாதி மட்டும்தான் அதிகாரிகளுக்கு ஞாபகம் இருக்கிறது. புல்டோசர் வந்து நிற்கும் இடத்திலெல்லாம் "ஆக்கிரமிப்பு அகற்றம்" என்று தலைப்புச் செய்தி. அகற்றப்பட்டவர் அன்று ராத்திரி எங்கே படுத்தார் என்று எந்தச் செய்தியிலும் இருப்பதில்லை.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்கு அங்கேயே 350 சதுர அடி இலவசம். நல்லது. மேலே சொன்னேனே, கம்பி நீட்டி வைத்துப் பிறகு எடுத்த மாடி, அதில் வாடகைக்கு இருப்பவருக்குத் தாராவிக்குள் இடம் கிடையாது, வெளியேதான். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் செலவழித்துத் தினமும் தாராவியில் தான் வேலை பார்க்கும் தோல் பட்டறைக்கு வந்துபோவது கட்டாது. அவர் பட்டறைக்குப் பக்கத்தில் வேறு எங்காவது தார்ப்பாய் கட்டப் பார்ப்பார், அதையும் இடித்தால் நடைபாதைக்கு வருவார். அப்போது எடுக்கப்படும் வீடியோவும் லாஸ் ஏஞ்சல்ஸ் வீடியோ மாதிரியே இருக்கும்.