சாச்சா ராம்கூலம்: 1965-ஐ மன்னிக்கலாம், அதற்குப் பிந்தையதை முடியாது

மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதைப் படம் பிடித்துப் பகிர்கிறோம். அந்த நாட்டு நாணயங்களில் இருக்கும் முகம் யாருடையது என்று கேட்பவர்கள் குறைவு. அது டாக்டர் சிவசாகர் ராம்கூலம். பீகாரிலிருந்து பிழைக்க வந்தவரின் மகன். 1921-ல் லண்டனுக்கு மருத்துவம் படிக்கப் போய் 1935-ல் ஊர் திரும்பி, அரசியலுக்கு வந்து, 1968 மார்ச் 12 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாட்டின் முதல் பிரதமர் ஆனவர். மக்கள் அவரை 'சாச்சா' (சித்தப்பா) என்றார்கள்.

அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. 1977-ல் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை இலவசமாக்கினார். கரும்பை விட்டால் வேறு கதியில்லாத தீவில் ஒரு தலைமுறையே அதனால் எழுந்தது. ஆனால் அதில் 1975 மே மாதம் தெருவில் இறங்கிய மாணவர்களுக்கும் பங்கு உண்டு. 1971-ல் நெருக்கடி நிலையை அறிவித்து, எதிர்க்கட்சித் தலைவர்களைச் சிறையில் அடைத்து, 1972-ல் நடக்க வேண்டிய தேர்தலை 1976 வரை தள்ளிப்போட்டதும் இதே சாச்சாதான்.

சாகோஸ் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியப் பெருங்கடலில், அன்று மொரீஷியஸோடு சேர்ந்திருந்த தீவுக்கூட்டம் அது. 1965-ல் லண்டனில் விடுதலைப் பேச்சு நடந்தபோது, ராம்கூலத்துக்கு விடுதலை ஆசையையும் காட்டி, அது கிடைக்காமல் போகும் என்ற பயத்தையும் காட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் பிரதமர் வில்சனுக்கு அவருடைய அதிகாரி குறிப்பு எழுதிக் கொடுத்தார். அந்த நெருக்கடியில்தான் சாகோஸ் தீவுகள் மொரீஷியஸின் கையைவிட்டு பிரிட்டன் வசம் போயின. கழுத்தில் கத்தி இருந்தவரிடம் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று நான் கேட்க மாட்டேன்.

ஆனால் பின்னால் நடந்தது? சாகோஸின் பெரிய தீவான டியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைக்க, 1973-க்குள் அந்தத் தீவுகளின் மக்கள் அத்தனை பேரையும் பிரிட்டிஷார் வெளியேற்றினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக்கூட விஷப்புகை வைத்துக் கொன்றார்கள். பெரும்பாலானோர் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியின் சேரிகளில் வந்து விழுந்தார்கள். அவர்களுக்காக பிரிட்டன் 1972-ல் ஒப்புக்கொண்ட 6.5 லட்சம் பவுண்ட் மொரீஷியஸ் அரசிடம் வந்தது. ஆனால் 1977 வரை அந்த ஏழைகள் கையில் ஒரு காசு போய்ச் சேரவில்லை. அப்போது லண்டன் யாரையும் மிரட்டவில்லை. பணமும் அதிகாரமும் ராம்கூலத்தின் அரசிடம்தான் இருந்தன. நோயாளிகளின் வறுமையை அருகிலிருந்து பார்த்த ஒரு டாக்டருக்கு இது எப்படி அவசரமாகத் தெரியாமல் போனது? என்னால் ஏற்கவே முடியவில்லை.

1982 தேர்தலில் மொரீஷியஸ் தீவின் 60 இடங்களையும் எதிர்க்கட்சிக் கூட்டணி அள்ளியது. அவரே தன் தொகுதியில் தோற்றார். பத்தாண்டுக்கு முன் தேர்தலையே ஒத்திவைத்த அதே மனிதர், இந்த முறை மறுபேச்சின்றி ஆட்சியை ஒப்படைத்தார். விடுதலை வாங்கித் தந்த தலைவரை வாக்குச்சீட்டால் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அன்றைய ஆப்பிரிக்காவில் அரிது. அவர் தன் நாட்டுக்குச் செய்த ஆகப்பெரிய நன்மை அதுதான் என்பேன்.

2025 மே மாதம் சாகோஸைத் திருப்பித் தரும் ஒப்பந்தத்தில் மொரீஷியஸ் சார்பில் கையெழுத்திட்டவர் அவர் மகன் நவீன் ராம்கூலம். அவரும் டாக்டர், அவரும் பிரதமர். ஆனால் அந்த ஒப்பந்தப்படி டியேகோ கார்சியாவில் தளம் 99 ஆண்டு தொடரும், அங்கே பிறந்தவர்கள் திரும்பிக் குடியேற முடியாது. அப்பாவின் அரசு அவர்களைக் காக்கவைத்தது. மகனாவது அவர்களைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.